மொட்டை டயர்

அண்ணன் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்த நங்கை, திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "அம்மணி, அந்தக் காரை வழுக்கி ஓட்டப் பழகோணும். நீயும் கூட வாரியா?"

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். அவர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நான் அப்போது படிப்பை முடித்துக் கல்லூரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. அம்மா முன்பே இறந்துவிட்டதால், கணபதியில் இருந்த அந்த வீட்டில் அப்பா, நங்கை, நான் என்று மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தோம்.

இப்போதைய பிள்ளைகள் டிரிஃப்ட் என்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டில் அந்தச் சொல் இல்லை. அண்ணன் அதை வழுக்குவது என்றே சொல்வான். வளைவில் காரின் பின்பக்கத்தை வேண்டுமென்றே நழுவவிட வேண்டும். உடனே முன்சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். கார் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே அதை அடக்கி ஓட்ட வேண்டும். அவன் மோட்டார் பம்புக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் நங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மதுக்கரைக்கு அந்தப்புறம் போய்விடுவான். அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட குழிக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டல் கிடந்தது. இரண்டு பேரும் தலையெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வருவார்கள். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவன் செத்தது அந்தப் பொட்டலில் இல்லை. காரமடையில் ஒருவருக்குப் பாகங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, மேட்டுப்பாளையம் ரோட்டில், சாயங்காலம் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், வலப்பக்கம் வளையும் ஓர் இடத்தில் கார் ரோட்டை விட்டு இடது ஓரத்துக்குப் போய்ப் புளியமரத்தில் மோதியது. கூட யாரும் இல்லை. பார்த்தவர்களும் இல்லை.

அதனால் எல்லோரும் அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். காரியத்துக்கு வந்த ஒறம்பரைகளில், அதாவது சொந்தக்காரர்களில், ஒருவர், "அவன் ஓட்டற ஓட்டுக்கு இது என்னைக்கோ நடந்திருக்கோணும். ஈர ரோட்டைக் கண்டதும் வெளையாடிப்போட்டான்" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த அப்பா கொஞ்ச நேரம் கழித்து, "வெளையாட்டுப் புத்தி. கட்டுனவளை நெனச்சிருந்தா அப்படிச் செஞ்சிருக்க மாட்டான்" என்று தானும் சொன்னார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நங்கை நின்றிருந்தார். அவர் கையில் பிடித்திருந்த தண்ணீர்ச் சொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையெல்லாம் நனைந்ததை நான்தான் பார்த்தேன்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து கார் திரும்பி வந்தபோது, நசுங்கிப்போன வலது கதவுக்குப் பதிலாக வேறு ஏதோ காரின் கதவை மாட்டி அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. வெள்ளைக் காரில் சாம்பல் நிறக் கதவு. அப்பா விற்றுவிடலாம் என்றார். நங்கை, "இருக்கட்டுங்க மாமா" என்றார்.

பகலெல்லாம் வெயிலில் நின்ற கார், பொழுதுசாயும்போது சூடு ஆறி டிக் டிக்கென்று சத்தம் போடும். முன்பெல்லாம் அவன் வந்து நிறுத்திய பிறகு கேட்கிற சத்தம் அது. அது கேட்டதும் அப்பா பேப்பரைக் கீழே வைப்பார். நங்கை அடுப்பைச் சிறிதாக்குவார். நானும் காது கொடுப்பேன். அப்புறம் மூன்று பேரும் மறுபடி அவரவர் வேலையைப் பார்ப்போம். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது.

"எதுக்குங்க நங்கை?" என்று அன்று காலை கேட்டேன்.

"அவரு வெளையாடினாரா இல்லையான்னு எனக்குத் தெரியோணும். ஊரே சொல்லுது. ஓட்டத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் சொல்லலே. நானே ஓட்டிப் பாத்துக்கறேன்."

அவருக்குக் கார் ஓட்டத் தெரியும். அண்ணன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். வழுக்குவதை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாரே ஒழிய, செய்ததில்லை. ஆனால் அவன் பேசியதெல்லாம் காதில் விழுந்திருந்தது. எங்கள் கார் பின்சக்கரங்களுக்கு இழுவை போகிற பழைய வகை. இன்ஜினுக்குப் பெரிய பலமில்லை. நல்ல டயரை மாட்டிக்கொண்டு என்னதான் முறுக்கினாலும் பின்பக்கம் நழுவாது. அதனால் வழுக்குவதற்கென்று பின்னால் தேய்ந்த டயர் போட வேண்டும், பட்டனெல்லாம் போய் வழவழவென்று ஆன மொட்டை டயர். ரோட்டுக்கு வரும்போது கழற்றிவிட்டு நல்லதை மாட்டிக்கொள்ள வேண்டும். அண்ணன் அப்படித்தான் செய்துகொண்டிருந்தான்.

நங்கையும் நானும் ஜாக்கி வைத்துப் பின்சக்கரங்களைக் கழற்றினோம். வண்டி வீட்டுக்கு வந்ததிலிருந்து யாரும் தொடாத சக்கரங்கள். இடதுபக்க டயரில் பட்டன் நன்றாக இருந்தது. வலதுபக்கம் மொட்டை.

"இது அவரோட ஞாயித்துக்கெழமை டயரு" என்றார் நங்கை, உள்ளங்கையால் தடவிக்கொண்டே. "ஒர்க்‌ஷாப்புல கெடச்சதை மாட்டி அனுப்பிப்போட்டாங்களாட்ட இருக்குது."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவனிடம் இருந்த இன்னொரு மொட்டை டயர் முன்பே வெடித்துப்போயிருந்ததால், இதற்கு ஜோடி தேடி தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டித் தரும் ரீட்ரேடிங் கடை ஒன்றுக்குப் போனோம். வாசலில் பழைய டயர்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. நங்கை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைக்காரர் எழுந்து வந்து, "ஏனுங்க, நல்லதா உள்ள இருக்குதுங்க, எடுத்துக் காட்டறேன்" என்றார்.

"நல்லது வேண்டாமுங்க. நல்லாத் தேஞ்சது வேணும். ஆனா நூல் தெரியக் கூடாது, பக்கவாட்டுல வெடிப்பு இருக்கக் கூடாது."

"ஊஞ்சல் கட்டறதுக்குங்களா?"

"வண்டிக்குத்தானுங்க."

அவர் என்னையும் நங்கையையும் நங்கையின் வெறும் நெற்றியையும் பார்த்தார். அப்புறம் தானே குனிந்து தேடி ஒன்றை உருட்டிவிட்டார்.

அந்த மத்தியானத்திலிருந்து, மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம், பின்னால் மொட்டை டயரோடு ரோட்டில் மெதுவாக ஊர்ந்தே மதுக்கரைப் பொட்டலுக்குப் போனோம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று தூசியைத் தரையோடு தரையாகத் தள்ளிக்கொண்டு போகும். ஆடு மேய்க்கும் ஓர் அம்மா தூரத்தில் வேலமர நிழலில் உட்கார்ந்திருப்பார். வேறு ஆள் நடமாட்டம் இருக்காது.

டிரைவர் சீட்டை அண்ணன் தன் நீளக் கால்களுக்கு ஏற்பப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். நங்கை அதை முன்னுக்கு இழுக்கவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்து, விளிம்பில் உட்கார்ந்து ஓட்டினார்.

முதலில் எல்லாம் தப்பாகவே போனது. வழுக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் முன்னாலும் அதே கடையில் வாங்கிய தேய்ந்த டயர்களை மாட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகப் போய் ஒரு மண்மேட்டில் ஏறி நின்றது. முன்னால் பிடிப்பு இருந்தால்தான் பின்னால் நழுவுவதை அடக்க முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னால் நல்ல டயரை மாட்டினோம். பின்னால் மொட்டைக்குச் சாதாரணமாக அடிக்கும் காற்றையே அடித்திருந்தோம். அது கொஞ்சம் நழுவும், திடீரென்று பிடிக்கும், மறுபடி நழுவும். கார் உதறி உதறிப் போனது. எனக்கு வாந்தி வந்தது. நங்கை யோசித்துவிட்டு, "கல்லாட்ட இருக்கோணும்னு சொல்லுவாரு" என்றார். அடுத்த முறை பஞ்சர் கடையில் பின்சக்கரங்களுக்குக் காற்றைக் கெட்டியாக ஏற்றிக்கொண்டோம். தரையோடு உரசும் பரப்பு குறைந்துபோய், பின்பக்கம் எண்ணெயில் விட்டதுபோல் ஒரே சீராக நழுவியது.

அதே கையோடு முன்சக்கரங்களில் காற்றைக் குறைத்தோம், பிடிப்பு கூடட்டும் என்று. கூடத்தான் செய்தது. இன்னும் குறைத்துப் பார்த்தபோது, ஒரு திருப்பலில் முன் டயர் ரிம்மின்மேல் சுழன்று, உள்ளே இருந்த டியூபின் வால்வு வாய் கிழிந்து, புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது.

அன்று அதன் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஸ்டீயரிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில வாரங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பிறகு நங்கை என்னை ஓட்டச் சொன்னார். பொட்டலின் நடுவில் கிடந்த ஒரு பாறையைச் சுற்றி இரண்டாவது கியரில் வட்டம் போட வேண்டும். பாதி வட்டத்தில் கிளட்சை மிதித்துச் சட்டென்று விட வேண்டும். விட்டேன். என் முதுகுக்குப் பின்னால் இருந்த கார் முழுவதும் என்னைத் தாண்டி வெளியே போவது தெரிந்தது. பயத்தில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டேன்.

அது தானாகச் சுழன்றது. எதிர்ப்பக்கமாக, வேகமாக, எவ்வளவு திரும்ப வேண்டுமோ அவ்வளவு. கார் ஒரு மூச்சு நேரம் பக்கவாட்டிலேயே அமைதியாகப் போனது. யாரோ என் மடிக்கு மேலாகக் கையை நீட்டித் திருப்பிவிட்டதுபோல் இருந்தது. கார் நின்றபோது என் இரண்டு கைகளும் நெஞ்சருகே மடங்கி இருந்தன.

நங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கும் வந்துச்சா?"

"என்னதுங்க?"

"ஸ்டீரிங்கு."

நான் தலையாட்டினேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு மொத நாளே வந்துச்சு. சொன்னா நீ என்னைப் பைத்தியம்னு நெனப்பேன்னு சொல்லலே."

கார் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசைக்கு முன்சக்கரங்கள் தாமாகவே திரும்பும். சக்கரங்களைச் சாய்த்து மாட்டியிருக்கும் விதம் அப்படி. எல்லாக் காரிலும் அது நடக்கும். பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று தெரியாது. தெரிந்த பிறகும், மழையில் கார் லேசாக நழுவி ஸ்டீயரிங் என் விரல்களை மீறித் திரும்பும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

வால்வு கிழிந்த அன்று ஸ்டெப்னியை எடுக்க டிக்கியைத் திறந்தோம். விபத்துக்குப் பிறகு அதை யாரும் வெளியே எடுத்திருக்கவில்லை. சாக்குப்பையைத் தள்ளிவிட்டுச் சக்கரத்தைத் தூக்கினால் அது தொளதொளவென்று இருந்தது. காற்றே இல்லை. ஆனால் டயரில் பட்டன் நன்றாக இருந்தது. வீட்டில் கழற்றி வைத்திருந்த இடதுபக்கப் பின் டயருக்கு அச்சு அசல் ஜோடி. நங்கை தரையில் உட்கார்ந்து அதை மெல்ல உருட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். தலைவரைக்கும் இறங்கிய ஓர் ஆணி.

அவர் வெகுநேரம் அந்த ஆணியின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூசி படிந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"ஒர்க்‌ஷாப்புல மாத்தலே அம்மணி" என்றார். "அவரேதான் மாத்திருக்கறாரு. வழியில பஞ்சர். ஸ்டெப்னியா வெச்சிருந்தது மொட்டை டயரு. அதைப் போட்டுட்டு ஊட்டுக்கு வந்துட்டிருந்திருக்கறாரு. அப்பறம் மழை புடிச்சிருச்சு."

ஆடு மேய்க்கும் அம்மா எங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று எழுந்து பார்த்தார். நங்கை கையை அசைத்து ஒன்றுமில்லை என்று காட்டினார்.

மழைக்காகக் காத்திருந்தோம். வந்ததும், முந்தின நாள் பெய்து பொட்டல் முழுக்கப் பால் நிறத்தில் ஈரமாகக் கிடந்த ஒரு மத்தியானம், அண்ணன் கடைசியாக ஓட்டிய நாளில் இருந்தபடியே சக்கரங்களை மாட்டினோம். பின்னால் இடதுபக்கம் நல்ல டயர், வலதுபக்கம் மொட்டை. காற்றும் சாதாரண அளவுதான். நங்கை நிதானமாக, சைக்கிள்காரன் முந்திவிடுகிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, நேராக ஓட்டிப்போய் பிரேக்கை மிதித்தார். அவ்வளவுதான் செய்தார். இடதுபக்கச் சக்கரங்கள் தரையைப் பிடித்தன. வலதுபக்கப் பின்சக்கரத்துக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. மூக்கு இடதுபுறமாக வெட்டித் திரும்ப, என் பக்கம் பின்னால் போக, நங்கை உட்கார்ந்திருந்த வலதுபுறம் முன்னால் வர, கார் அப்படியே சறுக்கிக்கொண்டு போனது. சாம்பல் நிறக் கதவை முன்னே வைத்துக்கொண்டு போனது.

சத்தம் எதுவும் இல்லை. இன்ஜின் நின்றுவிட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே வேலமரங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. ஆனால் இந்த முறை அதனால் ஒன்றும் ஆகவில்லை.

நின்ற பிறகு நங்கை இறங்கி, ஈரத்தில் பதிந்திருந்த தடங்களின்மேலேயே நடந்து திரும்பிப் போனார். நானும் போனேன்.

"வலப்பக்கம் வளையற எடத்துல வேணும்னு வழுக்கினா பின்பக்கம் எங்க போகும்?" என்று கேட்டார்.

"இடப்பக்கங்க."

"அப்ப மரத்துல எந்தப் பக்கம் மோதும்?"

யோசித்தேன். பின்பக்கம் இடதுபுறமாக வெளியே போனால் ரோட்டின் இடது ஓரத்து மரத்தில் காரின் இடதுபக்கம்தான் போய் மோதும். நசுங்கியது வலது கதவு. எங்கள் வாசலில் இத்தனை மாதமாகச் சாம்பல் நிறத்தில் அது நின்றிருந்தது. யாருக்கும் படிக்கத் தெரியவில்லை.

"வெளையாடலே" என்றார் நங்கை. "பிரேக் மட்டும்தான் புடிச்சிருக்கறாரு."

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தடங்களின் முடிவில், கார் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் இருக்குது பாத்தியா, அம்மணி. திரும்ப ஆரம்பிச்சதுல இருந்து நிக்கற வரைக்கும். ஒருத்தரு பேரைச் சொல்லிக் கூப்புடற அளவுக்கு நேரம் இருக்குது. என்ன ஆகப் போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லாமே தெரிஞ்சிருக்கும்."

அவன் யாரைக் கூப்பிட்டிருப்பான் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் ஆணி இறங்கிய டயரைக் கொண்டுபோய்க் காட்டினோம். நங்கை எல்லாவற்றையும் சொன்னார். கேட்டுவிட்டு அப்பா வாசலுக்குப் போய்ச் சாம்பல் நிறக் கதவின் முன்னால் நின்றார். திரும்பி வந்து, "எனக்கும் காட்டு கண்ணு" என்றார்.

"வேண்டாமுங்க மாமா."

"நானும் சொல்லிப்போட்டனல்ல. பாக்கோணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் தரை ஈரமாகவே இருந்தது. அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாணத்துக்குப் போகிறவர்போல் பின்சீட்டில் உட்கார்ந்தார். நங்கை அதே வேகத்தில் போய், அதே இடத்தில் மிதித்தார். கார் மூக்கைத் திருப்பிக்கொண்டு அந்த நீளமான, சத்தமில்லாத சறுக்கலில் போனது. கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண்களை மூடவில்லை. முன்னால் இருந்த சீட்டின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தானாகச் சுழலும் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

கார் நின்றது. எங்கோ ஆட்டின் மணி கேட்டது. அப்பா அந்தச் சீட்டின் முதுகை விடாமலே கேட்டார்.

"பயந்திருப்பானா?"

"இல்லீங்க மாமா" என்றார் நங்கை, திரும்பாமல். "அதுக்கெல்லாம் நேரமே இருந்திருக்காதுங்க. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

நான் நங்கையின் பக்கம் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டேன். அப்பா சீட்டிலிருந்து கைகளை எடுத்தார். "செரி" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் பொட்டலுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் நங்கை பட்டறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். லேத்துகளை விற்கச் சொல்லிப் பலரும் யோசனை சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. காரைப் பல்லடத்துக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டபோது மட்டும் சம்மதித்தார். கொடுப்பதற்கு முதல் நாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போய், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து புது டயர்களை மாட்டிக்கொண்டு வந்தார். ஐந்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பிறகு வீட்டுக்கு வந்த ஒறம்பரைகளில் யாராவது அண்ணன் பேச்சை எடுத்தால், அப்பா உடனே குறுக்கிடுவார். "வெளையாடினான்னு யாரும் சொல்லப்படாது. பஞ்சர் ஆயி ஸ்டெப்னி போட்டுட்டு வந்துட்டிருந்தான். பிரேக் புடிச்சான், அவ்வளவுதான். பயப்படக்கூட நேரம் இருந்திருக்காது. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள." நங்கை சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்வார். சொல்லிவிட்டு, நங்கை எங்கே இருக்கிறார் என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வார். நங்கை காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.

பயப்பட நேரமே இருந்திருக்காது என்பதை அப்பா நம்பினார் என்றுதான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் எங்களோடு அந்தக் காரில் உட்கார்ந்திருந்தவர்தான் என்பது, அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வேலமரங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்ததை அவரும் பார்த்திருக்கிறார்.